ஆனந்தரங்கப் பிள்ளை: சொத்துத் தகராறுகளுக்கு நடுவே வாழ்ந்த புதுச்சேரி துபாஷ்... யார் இவர்? இன்றைய வாரிசுச் சட்டத்துக்கும் அவர் காலத்துக்கும் என்ன தொடர்பு?

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போனவர்களுக்கு ரங்கப்பிள்ளை வீதி தெரியாமல் இருக்காது. அந்த வீதியில் ஒரு பழைய மாளிகை நிற்கிறது. கீழ்த்தளத்தில் தமிழ் வீடுகளில் இருப்பது போல மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சு பாணியில் வெள்ளைத் தூண்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கியபோது தப்பிய சில கட்டடங்களில் இதுவும் ஒன்று.

இந்த வீட்டுக்காரர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் பலருக்கும் தெரியாத ஒரு பக்கம் உண்டு. செத்தவர் சொத்து யாருக்கு என்ற சண்டை அவரைச் சின்ன வயதிலிருந்தே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சண்டை அவருடைய சொந்தக்காரர் வீட்டில். இன்னொன்று அவருடைய போட்டியாளர் வீட்டில். இரண்டிலும் தீர்ப்பு வந்த விதம் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் இன்றைய வாரிசுச் சட்டமும் எளிதாகப் புரியும்.

யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

1709 மார்ச் 30-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா பெயர் திருவேங்கடம் பிள்ளை, வணிகர். அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்தார் ரங்கப்பிள்ளை. அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு கிழக்கிந்திய கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்பப் பிள்ளை. இவர் திருவேங்கடத்துக்கு மைத்துனர் முறை. அவர் கூப்பிட்டதால்தான் இந்தக் குடும்பம் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தது.

தலைமைத் தரகர் என்றால் இன்றைய புரோக்கர் மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. துபாஷ் என்றும் சொல்வார்கள். இரண்டு மொழி தெரிந்தவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். கம்பெனிக்குத் துணி வாங்கித் தருவது, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுப்பது, கவர்னருக்கும் ஊர் மக்களுக்கும் நடுவில் பேசுவது, ஊர்த் தகராறுகளைத் தீர்த்து வைப்பது எல்லாம் இவர் வேலை. கவர்னருக்கு அடுத்தபடியாக ஊரில் செல்வாக்கு இவருக்குத்தான். அதனால் பதவி இருக்கும்வரை சொத்து குவியும். பதவி போனால்?

அதற்குப் பதில் ரங்கப்பிள்ளைக்கு ஏழு வயது முடிவதற்குள்ளேயே கிடைத்துவிட்டது.

முதல் தகராறு: நைனியப்பப் பிள்ளைக்கு என்ன ஆனது?

1708-ல் கவர்னர் ஹெபர் காலத்தில் நைனியப்பப் பிள்ளை தலைமைத் தரகரானார். அதற்கு முன்பு அந்தப் பதவி ஒரு தமிழ்க் கத்தோலிக்க முதலியார் குடும்பத்திடம் இருந்தது. கிறிஸ்தவர் அல்லாத ஒருவரிடம் இவ்வளவு பெரிய பதவி போனதை ஜேசுயிட் பாதிரியார்கள் ஏற்கவில்லை. அவரை எடுத்துவிட வேண்டும் என்று தொடர்ந்து அழுத்தம் கொடுத்தார்கள்.

1715-ல் இந்துக்களின் வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஊரைவிட்டே போய்விடுவோம் என்று மக்கள் கிளம்பினார்கள். இதைத் தூண்டிவிட்டவர் நைனியப்பர்தான் என்று பழி விழுந்தது. 1716 பிப்ரவரியில் கைது. பதவியில் உட்கார வைத்த அதே ஹெபர்தான் இப்போது சிறையிலும் தள்ளினார்.

விசாரணை நடந்த விதம்தான் இன்னும் மோசம். சாட்சிகள் பேசியது தமிழில். அது போர்ச்சுகீசிய மொழி வழியாக பிரெஞ்சுக்குப் போனது. பிரெஞ்சில் எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பலர் அதன் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அந்த மொழியைப் படிக்கத் தெரியாது.

அந்த ஆண்டு ஜூனில் தீர்ப்பு வந்தது. 50 கசையடி, மூன்று ஆண்டு சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்து பறிமுதல். மகன்களையும் ஊரைவிட்டு விரட்டச் சொன்னது தீர்ப்பு. கடை வீதியில் எல்லோர் முன்னிலையிலும் கசையடி விழுந்தது. தண்டனைக் காலம் முடிவதற்குள் 1717 ஆகஸ்டில் சிறையிலேயே இறந்துபோனார் நைனியப்பர்.

மைத்துனர் என்பதற்காகத் திருவேங்கடமும் இந்த வழக்கில் சிக்கினார். ஒரு மனிதனின் சொத்து, பதவி, பெயர் எல்லாம் சில மாதங்களில் காணாமல் போனதை அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன்தான் ரங்கப்பிள்ளை.

பறித்த சொத்தை வாரிசுகள் எப்படி மீட்டார்கள்?

வாரிசுகள் சும்மா இருக்கவில்லை. மனுவுக்கு மேல் மனு போட்டார்கள். பிரான்சின் செயின்ட் மாலோ துறைமுக வணிகர்களும் இவர்கள் பக்கம் பேசினார்கள். நைனியப்பர் இருந்தால்தான் இந்தியாவில் வியாபாரம் ஒழுங்காக நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1718-ல் ஹெபரே கைதாகி பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்.

நைனியப்பரின் மூத்த மகன் குருவப்பப் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனார். சென்னையிலிருந்து கப்பல் ஏறி, இங்கிலாந்து வழியாக பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மன்னர் அரசாங்கம் தண்டனையை ரத்து செய்தது. இறந்தவரின் பெயரில் இருந்த களங்கம் போனது. வாரிசுகளுக்கு இழப்பீடும் உண்டு என்று முடிவானது. குருவப்பர் பாரிஸில் கத்தோலிக்கராக மாறி, செயின்ட் மிஷேல் என்ற வீரப்பட்டமும் வாங்கிக்கொண்டு 1722-ல் ஊர் திரும்பினார். அப்பா உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் இரண்டே ஆண்டுதான். 1724-ல் இறந்துவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்த வழக்கை வாரிசுகள் ஜெயித்ததற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. கப்பல் ஏறப் பணம் இருந்தது. பாரிஸ் வரை ஆள் பலம் இருந்தது. அவர்களுக்கு உதவுவதில் பிரெஞ்சு வணிகர்களுக்கும் லாபம் இருந்தது. இது எதுவும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கான பதில் இரண்டாவது தகராறில் இருக்கிறது.

இரண்டாவது தகராறு: கனகராய முதலியார் சொத்து யாருக்கு?

குருவப்பருக்குப் பிறகு பதவி மீண்டும் அந்த கத்தோலிக்க முதலியார் குடும்பத்துக்குப் போனது. பெட்ரோ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த கனகராய முதலியார் தலைமை துபாஷ் ஆனார். 20 ஆண்டுக்கும் மேலாக அந்தப் பதவியில் இருந்தார்.

இந்தக் காலத்தில் ரங்கப்பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தார். 1726-ல் அப்பா இறந்தார். கவர்னர் லெனுவார் பரங்கிப்பேட்டைக் கிடங்கின் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். துணி, பாக்கு வியாபாரத்தில் கை தேர்ந்தார். சொந்தமாகக் கப்பலும் ஓட்டினார். 1736 செப்டம்பர் 6-ல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். கனகராயரின் பதவி மீது அவருக்கு ஒரு கண் இருந்தது ஊருக்கே தெரிந்த கதை.

கனகராயருக்கு ஒரே மகன். அந்த மகன் 1739-ல் இளம் வயதிலேயே இறந்துபோனான். அவன் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயா தேவாலயத்தைக் கட்டினார் கனகராயர். 1745-ல் அதன் திறப்பு விழா ஊரே மெச்ச நடந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1746 பிப்ரவரி 12-ல் கனகராயரும் கண்ணை மூடினார்.

மகன் இல்லை. பெரிய சொத்து இருக்கிறது. அப்போ வாரிசு யார்? ஒரு பக்கம் மனைவியும், ஏற்கெனவே கணவனை இழந்திருந்த மருமகளும். மறுபக்கம் கனகராயரின் தம்பி சின்ன முதலியார். தம்பிக்குச் சொத்தோடு அண்ணன் பதவியும் வேண்டும்.

தீர்ப்பு என்ன? ஏன் அப்படி?

அப்போது கவர்னர் டூப்ளே. பிரெஞ்சு ஆட்சி, கத்தோலிக்கக் குடும்பம். ஆனாலும் இந்த வழக்கில் பிரெஞ்சு சட்டத்தை யாரும் தொடவில்லை. தமிழர் வழக்கப்படி முடிவு செய்யுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் விட்டார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அந்தப் பஞ்சாயத்தில் இருந்தார்கள். சொத்து தம்பிக்கு, அந்தப் பெண்களுக்குப் பராமரிப்பு மட்டும் என்று முடிவானது.

ஏன் அப்படி? அந்தக் கால வழக்கம் புரிந்தால் இது புரியும். கூட்டுக் குடும்பத்தில் அண்ணன், தம்பி பாகம் பிரிக்காமல் இருந்தால், சொத்து இருவருக்கும் பொது. ஒருவர் மகன் இல்லாமல் இறந்தால் அவர் பங்கு தனியாக யாருக்கும் போகாது. உயிரோடு இருக்கும் ஆணின் பங்கோடு சேர்ந்துவிடும். மனைவிக்குச் சாப்பாடு, துணி, தங்க இடம் உண்டு. சொத்தில் உரிமை கிடையாது. பாகம் பிரித்திருந்தால் கதை வேறு. மகன் இல்லாதவரின் சொத்து மனைவிக்கு வர வாய்ப்பு உண்டு.

அதனால்தான் அந்தக் காலத்து சொத்துத் தகராறு எல்லாமே ஒரே கேள்வியில் வந்து நிற்கும். பாகம் பிரிச்சாச்சா, இல்லையா? சம்பாதித்தது தனியாகவா, குடும்பப் பணத்திலா?

உயில் எழுதி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று இப்போது தோன்றலாம். ஆனால் உயில் என்பது பழைய இந்து வழக்கத்தில் வேரூன்றிய ஒன்றல்ல. ஐரோப்பியர் வந்த பிறகுதான் அது இங்கே பரவியது.

இன்னொரு விஷயம். இந்தத் தகராறு இவ்வளவு விவரமாக நமக்குத் தெரிவதற்கு முக்கியமான காரணம் ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. ஆனால் அவர் நடுநிலையான ஆள் கிடையாது. காலியான பதவிக்கு அவரும் போட்டியில் இருந்தார். தம்பி கை ஓங்கினால் அவருக்கு இடைஞ்சல். கவர்னரின் மனைவி மதாம் டூப்ளே வேறு ஒருவரைக் கொண்டுவரப் பார்த்தார். இத்தனை பேரின் கணக்குகளுக்கு நடுவில்தான் அந்த இரண்டு பெண்களின் வழக்கு நடந்தது. அவர்கள் தரப்பை அவர்களே எழுதி வைக்க வழி இல்லை. குருவப்பர் மாதிரி பாரிஸுக்குக் கப்பல் ஏறவும் வழி இல்லை.

ரங்கப்பிள்ளைக்கு மிஞ்சியது என்ன?

கடைசியில் பதவி ரங்கப்பிள்ளைக்கே வந்தது. 1747-ல் தலைமை துபாஷ் ஆனார். டூப்ளேயின் வலது கை என்றே சொல்லலாம். 1749-ல் முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் பதவியும், வசாரத் ராய விஜயர் என்ற பட்டமும் கொடுத்தார்.

ஆனால் நைனியப்பருக்கு நடந்தது போலவே இவருக்கும் காற்று மாறியது. 1754-ல் டூப்ளேயை பிரான்சுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் உடன்பிறந்த தம்பி திருவேங்கடம் இறந்தார். 1756-ல் ரங்கப்பிள்ளையின் பதவி போனது. அதே ஆண்டில் மனைவி மங்கைத்தாயும் இறந்தார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் நாட்குறிப்பை விடவில்லை.

1760 முடிவில் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைச் சுற்றி வளைத்து நின்றது. ஊருக்குள் உணவுப் பஞ்சம். 1761 ஜனவரி 12-ல் ரங்கப்பிள்ளை இறந்தார். நாலே நாளில், ஜனவரி 16-ல், புதுச்சேரி சரணடைந்தது. எந்தக் கம்பெனியை நம்பி அந்தக் குடும்பம் சொத்து சேர்த்ததோ, அந்தக் கம்பெனியின் ஊரே இல்லாமல் போனது.

அவருக்குப் பிறகு நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தைத் தொடர்ந்தவர் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை. அடுத்த தலைமுறையில் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையும் எழுதினார். 1846-ல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் ரங்கப்பிள்ளையின் ஏடுகளை அந்தக் குடும்பத்து வீட்டில் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வெளிவந்தன. தமிழிலும் அச்சானது. பாகம் பிரிக்க முடியாத சொத்து அது ஒன்றுதான்.

பிறகு புதுச்சேரியில் சட்டம் எப்படி மாறியது?

கனகராயர் வழக்கில் கடைப்பிடித்த வழக்கம் பின்னாளில் எழுத்திலேயே வந்தது. 1819 ஜனவரி 6-ல் பிரெஞ்சு அரசு இங்கே தன் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தபோது, இந்தியர்களின் குடும்ப, வாரிசு விஷயங்களை அவரவர் சாதி, வழக்கப்படியே தீர்ப்பது என்று சொல்லிவிட்டது. 1827-ல் இதற்கு ஆலோசனை சொல்லத் தனிக் குழுவும் அமைந்தது.

இதிலிருந்து வெளியே வர ஒரு கதவு திறந்தது 1881-ல்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ல் வந்த ஆணைப்படி, விருப்பம் உள்ளவர்கள் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்கு மாறலாம். இப்படி மாறியவர்களை ரெனோன்சான் என்பார்கள். இதற்கு முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணி போட்டு நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873-ல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை போராடி ஜெயித்தவர் இவர்தான்.

பிரெஞ்சு சட்டத்தில் மகனும் மகளும் சமம். உயில் எழுதினாலும் பிள்ளைகளை மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதியும், இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியே ஆக வேண்டும். மீதியைத்தான் விருப்பப்படி எழுதலாம்.

இன்றைய நிலை என்ன?

1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கே அமலுக்கு வந்தது. ஆனால் ரெனோன்சான் குடும்பங்களுக்கு இது பொருந்தாது என்று சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு பிரெஞ்சு குடிமைச் சட்டம்தான். அதனால் புதுச்சேரியில் சொத்து வழக்கு என்றால் முதல் கேள்வியே வேறு. அந்தக் குடும்பத்தின் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 1881-க்குப் பிறகு கையெழுத்துப் போட்டு மாறினாரா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, 1746-ல் நடந்தது மாதிரி ஒரு தகராறு இன்று ஓர் இந்துக் குடும்பத்தில் வந்தால்? உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவியும், முன்பே இறந்த மகனின் மனைவியும் இருக்கிறார்கள். இந்த இருவருமே முதல் வகுப்பு வாரிசுகள். தம்பி இரண்டாம் வகுப்பில்தான் வருவார். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு எதுவும் போகாது. கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் தம்பிக்குத் தன் சொந்தப் பங்கு உண்டு. அண்ணன் பங்கில் அவர் கை வைக்க முடியாது.

அதாவது, அன்று பராமரிப்புத் தொகையோடு அனுப்பப்பட்ட அதே இரண்டு உறவுகள்தான் இன்று சட்டத்தில் முதல் வரிசையில் இருக்கிறார்கள். இடையில் ஓடியது 200 ஆண்டுக்கும் மேல்.

கணவன் இறந்த வீட்டில் சொத்துப் பேச்சு வரும்போது, உனக்குச் சாப்பாட்டுக்கு வழி பண்ணுகிறோம், கையெழுத்துப் போடு என்று கேட்பது இன்றும் நடக்கிறது. 1746-ல் அந்தப் பெண்கள் மறுத்துப் பேச அவர்களுக்குச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் வாரிசுச் சான்றிதழ், பத்திரம், பட்டா, பாகப்பிரிவினை நடந்ததா என்ற விவரம் ஆகியவற்றை வாங்கிப் பார்த்து, ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. வசதி இல்லாதவர்களும் பெண்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே உதவி கேட்கலாம்.